கருநீலம், முழங்கால் வரை

மார்ச் 8, சனி

இன்று என் டேபிளுக்கு வந்தவை எல்லாம் பெரிய பீஸ்கள். மூன்று எக்ஸெல், நான்கு எக்ஸெல். ஜெர்மனிக்குப் போகிற பெண்கள் டீஷர்ட், வெளிர்பச்சை. பத்தொன்பது வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறேன். பெரிய பீஸ் வரும் நாள் எனக்குப் பிடித்த நாள். தோளைப் பிடித்து ஒரு உதறு உதறினால், ஒரு நொடி காற்று வாங்கி உப்பி நிற்கும், உள்ளே யாரோ இருப்பதைப் போல. அந்த ஒரு நொடியில் அதைப் போடப்போகிறவளைப் பார்த்துவிடுவேன். ஏதோ ஏரிக்கரையில் ரொட்டிப் பையோடு நடந்து வருவாள். கன்னம் சிவந்திருக்கும். நேற்று வந்தவள் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனாள். மார்பு, உயரம், கை என்று டேப் வைத்துப் பார்த்து, நூல் பிசிறை வெட்டி, மடித்து அடுக்குவேன். போகிற இடத்தில் நல்லபடியாக இரு தாயே என்று மனசுக்குள் சொல்வேன். சூப்பர்வைசர் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

மதியம் மகள் தாரணி போன் செய்தாள். வேலை கிடைத்திருக்கிறதாம். என்ன வேலை என்று மெஷின் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நீச்சல் சொல்லித்தரும் வேலை.

அவிநாசி ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கும் குளத்தில், பெண்களுக்கு மட்டும் காலை வகுப்பு. மே ஒன்றாம் தேதி ஆரம்பம். இரண்டு முறை படித்தேன் அந்தக் கடிதத்தை. தாரணிதான் என் கையில் கொடுத்தாள், பிறகு சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நீ எங்க கண்ணு நீச்சல் அடிச்ச? எட்டாவதோட விட்டதுதானே?"

"காலேஜ்ல அடிச்சேன்மா. மூணு வருசம். ஹாஸ்டல் பக்கத்துல ஒரு குளம் இருந்துச்சு. காலைல ஆறு மணிக்கு ஆளே இருக்க மாட்டாங்க. பசங்க டீஷர்ட்டும் டைட்ஸும் போட்டுட்டு எறங்குவேன். போன வருசம் கோச்சிங் பரீச்சையும் எழுதிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள். அவளுடைய அப்பா பல்லடம் பக்கம் கோழிப்பண்ணையில் இருப்பவர், ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவார். அவர்தான், "வேலைன்னா வேலைதான், போகட்டும் உடு," என்றார்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பயிற்சியாளர் உடை என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள்: நீச்சல் துணி, கருநீலம், முழங்கை வரை, முழங்கால் வரை. பருத்தி டீஷர்ட் போட்டு யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. அவர்களிடம் இருக்கும் உடை எக்ஸெல் வரைக்கும்தானாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவுதானே. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு துணிக்கா கவலைப்படுவது?

மார்ச் 16, ஞாயிறு

விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகள் நான்கு ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் இருந்த பையன் தாரணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டான்: "யாருக்குங்க?" பக்கத்திலேயே நிற்கிறாள்.

"எனக்குத்தான்," என்றாள் தாரணி.

"உங்க சைசுக்கு ஜென்ட்ஸ்ல பாக்கட்டுங்களா?"

"ஜென்ட்ஸ்ல முழங்கை வரைக்கும் இருக்குமா?"

"இல்லீங்க, வெறும் டவுசர்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். டம்ளரை உயர்த்தி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில் இருந்தே அவளுக்கு இந்தப் பழக்கம். தண்ணீர் எதில் இருந்தாலும் அதற்குள் வெளிச்சம் எப்படிப் போகிறது என்று பார்ப்பாள்.

மார்ச் 20, வியாழன்

ஆன்லைனில் வரவழைத்தது வந்தது. ஐந்து எக்ஸெல் என்று லேபிள். டேப் வைத்துப் பார்த்தேன். எங்கள் கம்பெனியின் எக்ஸெல்லைவிடவும் ஒரு இஞ்ச் குறைவு. இப்படி ஒரு பீஸ் என் டேபிளுக்கு வந்திருந்தால் லாட் மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

காதர்பேட்டைக்குப் போனோம். ஏற்றுமதி ஆனது போக மிச்சப்படும் துணி எல்லாம் அங்கேதான் வரும். குவியல் குவியலாக வெளிநாட்டுக்காரர்களின் உடுப்பு. வெயிலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாய் நீலம். அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் கடை, ஆட்கள், துணிகள் எல்லாமே நீலமாக இருந்தன. யாரும் அவசரப்படாமல் மெதுவாகத் துணியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மூச்சுவிடும்போது வாயிலிருந்து குமிழ் வரும் போல இருந்தது எனக்கு.

ஒரு நீச்சல் உடை கிடைத்தது. பெரிய சைஸ்தான், ஐரோப்பாவுக்குத் தைத்தது. ஆனால் கையும் இல்லை, காலும் இல்லை. முதுகில் பாதி இல்லை. தாரணி அதை அவளுடைய சுடிதார்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். நன்றாக இருக்கிறதா என்றுகூடக் கேட்டாள். கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் சட்டென்று அவள் கையிலிருந்து வாங்கிக் குவியலில் போட்டுவிட்டேன்.

"வா, போலாம்."

"ஏம்மா?"

"நேரமாச்சு."

நேரம் ஒன்றும் ஆகவில்லை. பதினொன்றரைதான்.

மார்ச் 26, புதன்

சாம்பிள் செக்‌ஷனில் இருக்கும் ஜெயசீலியிடம் சொன்னேன். திண்டுக்கல்காரி. வெளிநாட்டுக்காரன் படத்தை மட்டும் அனுப்பினால் போதும், மூன்றாம் நாள் உடுப்பாக்கி மேசைமேல் வைத்துவிடுவாள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இத ஏன்க்கா மூணு வாரமாக் கடகடயா தேடிக்கிட்டு அலையிற? நம்மகிட்ட போன வருசம் ஸ்போர்ட்ஸ் ஆர்டருக்கு வந்த நைலான் ரோல் கெடக்கு. கருநீலம்கூட இருக்கு. மேனேஜர்ட்ட கேட்டு கேட் பாஸ் வாங்கிரலாம். நா தச்சுத் தாரேன். அளவு மட்டும் எடுத்துட்டு வா."

ஒரு தாளில் படம் போட்டு, பதினான்கு இடங்களில் கோடு போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் தாரணியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"அளவெல்லாம் வேண்டாம்மா. என் டீஷர்ட் ஒண்ணு கொண்டு போய்க் குடு."

"அது தொளதொளன்னு இருக்குமில்ல. தண்ணிக்குள்ள ஒடம்போட ஒட்டோணுமாமா."

"அம்மா, வேண்டாம்னா வேண்டாம்."

யோசித்துப் பார்த்தேன். இவளுக்கு நான் ஒருமுறைகூட அளவு எடுத்ததில்லை. ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து எப்போதும் கண் அளவில் பெரிதாக ஒன்றை வாங்கிவந்து கட்டிலில் வைத்துவிடுவேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொள்வாள்.

மார்ச் 30, ஞாயிறு

அவள் அப்பாவுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தாரணி வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"நேத்து பழைய பஸ் ஸ்டாண்டுல பிரமிளா மிஸ்ஸப் பாத்தேன்."

பிரமிளா அவளுடைய பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர்.

"அவங்கதான் கண்டுபுடிச்சு, 'தாரணிதானே'ன்னு கூப்பிட்டாங்க. நான் காது கேக்காத மாதிரி வந்துட்டேன்."

"ஏங்கண்ணு, பேசியிருக்கலாமில்ல?" இது அவள் அப்பா.

"என்னத்தப் பேசறதுப்பா? உன்ற ஒடம்புக்கு மூச்சுப் பத்தாது, நீ நீச்சலுக்கு ஆக மாட்டேன்னு சொன்னவங்ககிட்ட. அதுவும் எங்கிட்டச் சொல்லல, அம்மாகிட்டச் சொல்லியனுப்புனாங்க." வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "காலேஜ்ல தெனமும் எறங்கறப்போ அதத்தான் நெனப்பேன். இன்னைக்கு ஒரு ரவுண்டு சேத்திப் போயிக் காட்டோணும்னு. மூச்சு முட்டுச்சுன்னா, மிஸ் சொன்னது நெசமாயிருமோன்னு பயமா இருக்கும்."

எண்ணெய்க் கிண்ணம் என் கையிலேயே இருந்தது. "என்ன வசந்தா, தேய்," என்றார் அவர்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கழுத்து கோணலாக இருந்த பன்னிரண்டு பீஸைப் பார்க்காமல் பாஸ் போட்டுவிட்டேனாம். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பிரமிளா மிஸ் அப்படிச் சொல்லவே இல்லை.

அவள் எட்டாவது படிக்கும்போது மாவட்டப் போட்டி. லீவு போட்டுவிட்டுப் போனேன். முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். தாரணி வரிசையில் வந்து நின்றாள். மற்ற பிள்ளைகள் குச்சி குச்சியாக இருந்தார்கள். இவள் மட்டும் இவளாக இருந்தாள். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், நல்ல பட்டுச்சேலை. ஒருத்தி சொன்னாள்: "எருமை எறங்குது பாரு. தண்ணியெல்லாம் வெளிய வந்துரும்." இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் திரும்பவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போய், தூண் மறைவில், தெரியாதவர்களோடு உட்கார்ந்துகொண்டேன். நான் யாருடைய அம்மா என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று.

அவள் எப்படி நீந்தினாள் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீரை அடிக்கவே இல்லை. தூங்குகிற பிள்ளைமேல் போர்வையை இழுத்துவிடுவது போல, சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போனாள். கரையிலிருந்த பெரிய உடம்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு நீளமான இழை மட்டும் அங்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதாக வந்தாள். இருநூறு மீட்டர்.

மறுவாரம் பிரமிளா மிஸ் வீட்டுக்கு வந்தார். மாநிலப் போட்டிக்கு அனுப்பச் சொன்னார். வேண்டாம் என்றேன். திரும்பவும் ஒருநாள் வந்தார், பழம் வாங்கிக்கொண்டு. இந்த மாதிரி ஒரு பிள்ளை எனக்கு இன்னொருமுறை கிடைக்காதுங்க என்றார். தாரணி டியூஷன் போயிருந்த நேரம். அவரை அனுப்பிவிட்டு, அவள் வந்ததும் சொன்னேன்: மிஸ் வந்தாங்க, உனக்கு மூச்சுப் பத்தாதுன்னு சொல்லிட்டுப் போறாங்க.

அவள் நல்லதுக்குத்தான் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று.

மணி அடித்துவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மொட்டைமாடியில் அவள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். குழாயின் வாயை விரலால் அடைத்து, தூறலாக ஆக்கிக்கொண்டு. தூறலில் ஒரு சின்ன வானவில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன், அவள் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்க முடியாது. மிஸ் இரண்டு முறை வந்ததைச் சொன்னேன். பழம் கொண்டுவந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். பின்னால் இருந்த பெண்கள் பேசியதைச் சொன்னேன். நான் இடம் மாறி உட்கார்ந்ததை மட்டும் சொல்லவில்லை.

குழாயை மூடிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேச்சு இல்லை. அவளே தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். எனக்கும் இரண்டு சுட்டு மூடி வைத்திருந்தாள்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றும் பேச்சு இல்லை.

ஏப்ரல் 12, சனி

கம்பெனி பஸ் விட்டு இறங்கினேன். தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். என் பையை வாங்கிக்கொண்டாள். நடந்தோம். சாயங்கால வெயில் தெரு நீளத்துக்கும் படுத்திருந்தது. டெய்லர் கடையைத் தாண்டும்போது கேட்டாள்:

"அப்போ நான் நல்லா நீந்துனேனாம்மா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு."

"நல்லா நீந்துன சாமி. அந்த மாதிரி நான் எங்கியும் பாத்ததில்ல."

கொஞ்ச தூரம் நடந்தாள். "எனக்குக் கோவம் போகலம்மா. எப்பப் போகும்னும் தெரியல."

"சரி."

"ஆனா வேலைக்குப் போகோணும். அந்த அளவு எடுத்துரு."

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

லீவு. காலையில் மாங்காய்ப் பச்சடி செய்தேன். பண்டிகைக்கு வந்திருந்த அவள் அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

அவள் உள்ளுடுப்போடு வந்து நின்றாள். சன்னலில் மஞ்சள் திரை. அறை முழுக்கத் தேன் நிறம். பதினான்கு இடம். கழுத்து, தோள், மார்பு. கையை மேலே தூக்கி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை என்று ஜெயசீலி எழுதியிருந்தாள். தூக்கினாள். கம்புக்கூட்டிலிருந்து இடுப்பு வரை டேப்பை விட்டேன். என் விரல் பட்டதும் கூச்சத்தில் நெளிந்தாள், மூன்று வயதில் குளிக்க வைக்கும்போது நெளிந்த மாதிரியே. தொடையில் பழைய தழும்பு ஒன்று இருந்தது, எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். காலேஜில் குளத்துப் படியில் வழுக்கியதாம். முதுகில் இரண்டு பக்கமும் சதை கெட்டியாக, அகலமாக இருந்தது. இத்தனை பலத்தை எங்கே வைத்துக்கொண்டு இத்தனை நாள் தொளதொளப்புக்குள் நடமாடினாள்?

எத்தனையோ ஊர்ப் பெண்களின் சட்டையைக் கையில் பிடித்து அவர்களை எல்லாம் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். அவர்களை அழகு என்று நினைத்திருக்கிறேன்.

முட்டிபோட்டு அவள் முழங்காலைச் சுற்றி டேப் வைத்தபோது சொன்னேன். "அன்னைக்கு நான் எடம் மாறி உக்காந்துட்டேன். தூணுக்கு அந்தப் பக்கம்."

மேலே அவள் மூச்சு விடுவது கேட்டது.

"செவுத்தத் தொட்டுட்டு மேல பாத்தேன்," என்றாள். "அந்த சீட் காலியா இருந்துச்சு. நீ தண்ணி குடிக்கப் போயிருப்பேன்னு நெனச்சேன்."

நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் என் தலைமேல் கை வைத்தாள். ஆறுதலுக்கா, நிலை தடுமாறாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

"இன்னும் எத்தன எடம் இருக்கு?"

"ரெண்டு."

"சீக்கிரம் எடு. கால் வலிக்குது."

ஏப்ரல் 19, சனி

ஜெயசீலி முதலில் தைத்தது கிழிந்துவிட்டது. தாரணி போட்டுக்கொண்டு நிற்கும்போது கச்சிதமாகத்தான் இருந்தது. நீந்துவது போலக் கையை வீசிக் காட்டினாள், கம்புக்கூட்டில் தையல் பட்டென்று விட்டது. தாரணி முகம் சிறுத்துப்போனது. "நான்தான்," என்று ஆரம்பித்தாள்.

"நீ என்னம்மா பண்ணுன? என் தையல் தப்பு. சாதா நூலு போட்டுட்டேன்," என்றாள் ஜெயசீலி. நாங்கள் சாம்பிள் அறையில் நின்றுகொண்டிருந்தோம். "இழுவை நூல் போடணும். அந்த எடத்துல பட்டம் மாதிரி ஒரு துண்டு வெச்சுத் தச்சா கை தாராளமா போகும். துணி ஒடம்புக்கு ஏத்த மாதிரி வரணும். ஒடம்பு என்னத்துக்குத் துணிக்குப் பயப்படணும்?"

வெட்டிய ஓரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி துணியை உடம்பு அளவைவிடக் குறைத்துத்தான் வெட்டுவார்களாம். இழுத்துக்கொண்டு, ஆளைப் பிடித்துக்கொள்ளுமாம். பத்தொன்பது வருஷம் துணியோடு இருந்தும் எனக்கு இது தெரியாது.

ஏப்ரல் 25, வெள்ளி

தைத்தாயிற்று. கையை வீசினாள், குனிந்தாள், சாம்பிள் அறைத் தரையில் படுத்துக் காலை உதைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஜெயசீலி முதுகில் மஞ்சள் எழுத்தில் 'கோச்' என்று ஒட்டிக்கொடுத்தாள். என் பங்குக்கு ஏதாவது வேண்டுமே என்று நூல் பிசிறை மட்டும் நான் வெட்டினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தாரணி பிரமிளா மிஸ் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "இன்னொரு நாளைக்கு நீயே தனியாப் போ. நீ பேச வேண்டியத நீதான் பேசோணும்," என்றாள். மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. பசிக்கிறது என்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

மே 1, வியாழன்

மே தினம். கம்பெனி இல்லை. ஆறரைக்கே போய் மேலே பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூரை உயரம், கண்ணாடி. தண்ணீரிலிருந்து கிளம்பிய வெளிச்சம் சுவரெல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தது. என் சேலையில், கையில், பக்கத்திலிருந்த தூணில். பேச்சுச் சத்தம்கூட மெல்ல மிதந்து வருவது போலத்தான் வந்தது.

பதினேழு பெண்கள். பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்குப் பயத்தில் பல் கிட்டியது. தாரணி உடை மாற்றும் அறையிலிருந்து வந்தாள். கருநீலம், முழங்கால் வரை. எல்லோரும் பார்த்தார்கள். யாரோ யார் காதிலோ என்னவோ சொன்னார்கள். எழுந்துகொள்ள என் கால் தரையில் அழுந்தியது. அங்கேயே இருந்தேன்.

"பயப்படாதீங்க. மொதல்ல நான் போறேன், பாத்துக்குங்க," என்றாள்.

குதிக்கவில்லை. படியில் இறங்கி, சாய்ந்து, போய்விட்டாள். சத்தமே இல்லை. அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்தாள். சுவரைப் பிடித்திருந்தவர்கள் சுவரை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சுவரைத் தொட்டு, முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, நேராக அந்தப் பல் கிட்டியவளிடம் போனாள். "அக்கா, என் கையப் புடிச்சுக்குங்க. நீங்களா விடற வரைக்கும் நான் விட மாட்டேன்." ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. நான் வந்திருக்கிறேனா என்று தேடவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உடையை அலசி, மாடிக்குக்கூடப் போகாமல், வாசல் கம்பியில் தெருவைப் பார்த்து விரித்துப் போட்டாள். கையும் காலும் நீட்டி, வாசலை அடைத்துக்கொண்டு தொங்கியது. உள்ளே எடுத்துப் போடலாமா என்று என் கை ஒரு தடவை எழுந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

காய்கறி வாங்கிக்கொண்டு போன எதிர்வீட்டு ராசாமணி நின்று பார்த்தார்.

"ஏனுங்க வசந்தாமணி, இதென்னங்க இது, இத்தாப் பெரிசா?"

"என்ற புள்ளையோட வேலைத் துணிங்க," என்றேன். "நாளைக்குக் காலைல வேணும். வெயிலு படட்டும்னு போட்டிருக்குது."